பூண்டு எடுக்காத கதாநாயகிகள்

கொடைக்கானலில் ஒரு தமிழ்க் கதை நடக்கிறது என்றால் அதில் ஒரு தேனிலவு ஜோடி இருக்கும். இல்லையென்றால் ஒரு பிணம் இருக்கும். பாக்கெட் நாவல் படித்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பனி, பங்களா, நடுராத்திரியில் ஒரு அலறல், விசுவாசமான ஒரு வாட்ச்மேன். அந்த வாட்ச்மேனுக்கு ஒரு மகள் இருந்தாளா, அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், காலையில் எந்த பஸ்ஸைப் பிடித்தாள் என்பதெல்லாம் கதாசிரியருக்குத் தேவைப்பட்டதே இல்லை. சினிமாவும் அப்படித்தான். 1991-ல் ‘குணா’ வந்ததும் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரன் பேர் வைத்த பள்ளம் குணா குகை ஆயிற்று. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்து இன்னொரு தலைமுறைக் கூட்டத்தை மலையேற்றிவிட்டது. இரண்டிலும் கதை கீழேயிருந்து வருகிறவர்களுடையது. மலைக்காரர்கள் ஓரத்தில் நிற்பார்கள்.

நான் அந்த வாட்ச்மேன் மகள்களில் ஒருத்தி. எங்கள் அப்பா அட்டுவம்பட்டியில் ஒரு பங்களாவுக்குக் காவல் இருந்தார். அம்மா அடுத்தவர் காட்டில் பீன்ஸ் பறித்தாள், உருளை தோண்டினாள், பூண்டு எடுத்தாள். 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலேயே இருந்ததால் பட்டமேற்படிப்புக்கு நான் மலையிறங்க வேண்டியிருக்கவில்லை. இப்போது தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் ஓர் அலமாரியைத் திறந்து வைக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகள் வந்து புத்தகம் எடுத்துப் போவார்கள். பெரும்பாலும் பெண்கள். பையன்கள் வந்தால் முத்து காமிக்ஸ் இருக்கா என்று கேட்டுவிட்டு, இருந்தால் உட்காருவார்கள்.

ஒருநாள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு தொடர்கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “ஏன்க்கா, இந்தக் கதைல வர்ற புள்ளைங்க யாருமே லீவு நாள்ல பூண்டு எடுக்கப் போக மாட்டாங்களா?”

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. பூண்டு இந்த மலையின் முதுகெலும்பு. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாப் பத்திரிகையும் எழுதின. வடுகபட்டிச் சந்தையில் மூட்டை இறங்குவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அந்தப் பூண்டை மண்ணிலிருந்து எடுத்து, தாள் கிள்ளி, கட்டுக் கட்டி, பரணில் புகையில் தொங்கவிடுகிற கைகளில் பாதி, ஞாயிற்றுக்கிழமை ஹோம்வொர்க் முடிக்காத கைகள். அந்தக் கைக்குரியவள் எந்தக் கதையிலும் காதலித்ததில்லை, கோபித்துக்கொண்டதில்லை, துப்பு துலக்கியதில்லை.

பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கான கதைகளில் யாரெல்லாம் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று எண்ணிப் பார்க்கும் வேலையை அமெரிக்காவில் ரொம்ப நாளாகச் செய்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறார் நூல்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1985-ல் அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 2,500 சிறார், இளையோர் நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் படைத்தவை வெறும் 18 என்று அவர்கள் கண்டார்கள். 2018 கணக்கு இன்னும் சுவாரசியம். மையப் பாத்திரம் வெள்ளையராக இருந்த நூல்கள் 50 சதவீதம்; கரடி, முயல், லாரி மாதிரி மனிதரல்லாதவை 27 சதவீதம். கறுப்பினத்தார், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடியினர் எல்லோரையும் சேர்த்தாலும் 23-தான். அதில் பூர்வகுடியினர் பங்கு 1. அந்த நாட்டுப் புத்தகத்தில் ஒரு பூர்வகுடிச் சிறுவனாகத் தலைகாட்டுவதைவிடக் கரடியாகப் பிறப்பது சுலபம்.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பினப் பேராசிரியை 1990-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன் முகமும் தெரிய வேண்டும், அடுத்தவர் வீடும் தெரிய வேண்டும். இந்த விஷயத்தைப் பேசுகிற எல்லோரும் இன்றுவரை அவரைத்தான் எடுத்தாள்கிறார்கள். எங்கள் மலையில் ஜன்னலுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் சங்கடம். எல்லா ஜன்னலும் கீழே பார்த்தபடி இருக்கின்றன.

தமிழில் இப்படிக் கணக்கெடுக்க மையம் எதுவும் வேண்டாம். அலமாரி முன்னால் நின்றாலே தெரியும். குழந்தைகளுக்கென்று நம்மிடம் பழைய செல்வம் உண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், 1947-லிருந்து வந்த ‘அம்புலிமாமா’, வாண்டுமாமாவின் கதைகள். அதைத் தாண்டி, பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஒரு பெரிய பள்ளம். பிள்ளைகள் அதை ஒரே தாவாகத் தாண்டித் தொடர்கதைக்கும் துப்பறியும் நாவலுக்கும் போனார்கள். நானும் அப்படித்தான் தாண்டினேன். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், நடுவில் ‘பொன்னியின் செல்வன்’. எங்கள் தெருப் பெண்களுக்குக் குந்தவையைவிடப் பூங்குழலியைத்தான் பிடிக்கும். அரண்மனை இல்லாதவள், தானே படகு ஓட்டுகிறவள், யாருக்கும் கைகட்டி நிற்காதவள். கல்கி தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, மலையில் இருக்கிற பெண்களுக்குக் கடலில் ஒரு தோழியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. சாகித்ய அகாதெமி 2010-லிருந்து வழங்குகிற பால சாகித்ய புரஸ்கார் பட்டியலைப் பார்த்தாலே அது தெரியும். 2020-ல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பெரியவர்கள் பேசக் கூசுகிற பாலியல் தொல்லையைப் பிள்ளைகளிடமே நேராகப் பேசிய நூல். 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, கீழடியைச் சுற்றி எழுதப்பட்ட இளையோர் நாவல். 2024-ல் யூமா வாசுகி, 2025-ல் விஷ்ணுபுரம் சரவணன். பாலபாரதி ஆட்டிசம் உள்ள ஒரு பையனை நடுநாயகமாக வைத்துத் ‘துலக்கம்’ எழுதினார். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை வைத்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. பத்து வருசத்துக்கு முன்னால் இவ்வளவு இல்லை. குறை சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டவை வேறு இரண்டு புத்தகங்கள்.

ஒன்று இரா. நடராசனின் ‘ஆயிஷா’. 1990-களில் ‘கணையாழி’யில் வந்த கதை. தமிழ்நாட்டில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன எவரும் அதைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. வகுப்பிலேயே கெட்டிக்காரி, கேள்வி கேட்டுக் கேட்டே அடி வாங்குகிறவள், அடி வலிக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு உயிரை விடுகிறாள். நடராசன் செய்த ஒரு காரியத்தை நான் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவேன். ஆயிஷா ஒரு முஸ்லிம் பெண். ஆனால் கதையின் பிரச்சினை அவள் மதம் அல்ல. அவளுக்குப் பிரச்சினை அறிவியலும் பிரம்பும். ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்து, வகுப்பின் முதல் மூளையையும் அவளுக்கே கொடுத்து, அதைப் பற்றி ஒரு வரிகூடப் பெருமையடிக்காமல் போய்விட்டார்.

என் பேச்சை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே கேள்வியில் கவிழ்த்தாள். கொடைக்கானல் டவுனில் அவள் அப்பாவுக்கு ஸ்வெட்டர் கடை. “எல்லாம் சரிதான்க்கா. கடைசில அவ ஏன் சாகணும்?”

நான் சொன்னேன்: அவள் செத்ததால்தான் கதையைச் சொல்கிற டீச்சருக்குப் புத்தி வந்தது, வாசகருக்கும் உறைத்தது. அவள் விடவில்லை. “அப்ப டீச்சருக்குப் புத்தி வர்றதுக்காக அவ சாகுறாளா?”

‘ஆயிஷா’ நல்ல கதை. இன்னும் பல வருசம் படிக்கப்படும். ஆனால் அந்தப் பெண் கேட்டது அந்தக் கதையோடு நிற்கிற கேள்வி இல்லை. நம் கதைகளில் வேறு சாதி, வேறு மதம், வேறு மொழி, உடலில் ஒரு குறை என்று வருகிற பிள்ளைக்கு ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. கஷ்டப்பட்டுக் காட்டுவது. அதைப் பார்த்து நடுத்தர வீட்டுக் கதாநாயகன் மனம் திருந்துவான், தன் பழைய சட்டையைக் கொடுப்பான், கதை முடியும். பழைய சட்டை வாங்கிக்கொண்டவன் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தான் என்று எழுத ஆளில்லை. பன்முகத்தன்மை என்று மேடையில் பேசுகிறவர்கள் பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பாத்திமா, ஜோசப், முருகன் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பேசினால் அது சுவரொட்டி, கதை ஆகாது.

இரண்டாவது புத்தகம் பெருமாள்முருகனின் ‘கூள மாதாரி’, 2000-ல் வந்தது. கொங்குச் சீமையில் கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையனும், அவனைப் போன்ற நெடும்பன், வவுறி, செவிடி என்கிற பிள்ளைகளும்தான் நாவல். அதைப் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் தமிழ் வாசித்தது. 2004-ல் சென்னை தாரா புக்ஸ், வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. கிரியாமா பரிசின் குறும்பட்டியல் வரை அது போயிற்று. என்னைக் கேட்டால் தமிழின் ஆகச்சிறந்த இளையோர் நாவல்களில் அது ஒன்று. நாம்தான் அதைத் தவறான தட்டில் வைத்திருக்கிறோம்.

மேல்மலையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிற ஒரு பையனிடம் அதைக் கொடுத்தேன். காமிக்ஸ் தவிர எதையும் தொடாதவன். அவன் ஆடு மேய்த்ததில்லை, குதிரை பார்த்திருக்கிறான். காட்டிலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமக்கிற குதிரைகள். பதினைந்து நாள் புத்தகம் திரும்பி வரவில்லை. வந்தபோது அவன் சொன்னது: “கூளையனுக்கும் பண்ணயக்காரர் மகன் செல்வனுக்கும் பழக்கம் இருக்குல்லக்கா, அது கரெக்டா எழுதியிருக்காரு. ராத்திரி பட்டில ஒண்ணாப் படுக்கலாம். பகல்ல வீட்டுக்குள்ள போகக் கூடாது. இங்கயும் அப்படித்தான்.” அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பெருமாள்முருகன் கூளையன் சாதியில் பிறந்தவர் அல்ல. அந்தப் பக்கத்து வேளாண்குடி வீட்டுப் பிள்ளை. அவரவர் கதையை அவரவர்தான் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அமெரிக்காவில் அது பலமாகவே இருக்கிறது. எனக்கு அதில் பாதி சம்மதம். பாமா 1992-ல் ‘கருக்கு’ எழுதியபோது அவர் தெருவின் பேச்சு அப்படியே தாளில் இறங்கியது. வெளியாள் யாரும் அதைச் செய்திருக்க முடியாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தில் இப்படியெல்லாம் பேசலாமா என்று என்னைப் பார்த்தார்கள். பேசலாம் என்று தெரிந்ததே அவர்களுக்கு ஒரு பாடம். அதே சமயம் வெளியாள் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டால் ‘கூள மாதாரி’ நமக்குக் கிடைத்திருக்காது. எழுதுகிறவருக்குப் பட்டியின் வாசனை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை. மூன்று நாள் ரிசார்ட்டில் தங்கிவிட்டு மலைவாழ் மக்கள் என்று எழுதுகிறவருக்கு அது தெரியாது.

எங்கள் மலையில் கதை ஆக வேண்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெளியாள் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ‘கொடைக்கானல்காரர்’. உள்ளே பார்த்தால் குன்னுவர், பளியர், புலையர், கீழேயிருந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் ஏறியவர்கள், 1845-ல் அமெரிக்க மிஷன் முதல் பங்களாக்களைக் கட்டிய காலந்தொட்டுக் கிறிஸ்தவர்களான குடும்பங்கள், ஹோட்டல் வேலைக்கு வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்ததே, அதில் வந்தவர்களும் இங்கே உண்டு. ஊரில் அவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். அந்த வீட்டுப் பேத்தி ஒருத்திக்கு இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளைக் கொடுத்தேன். லயம், பிரட்டு, துரை என்று அவள் அம்மாயி வாயில் மட்டும் கேட்ட தோட்டத்துச் சொற்கள் அச்சில் இருந்ததைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை அம்மாயிக்கே வாசித்துக் காட்ட எடுத்துப் போனாள். அம்மாயி கேட்டுக்கொண்டே திருத்தம் சொன்னாளாம். அதுவும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டதுதான். மண்டபம் முகாமில் கப்பலிறங்கி, தெரியாத ஊரை ‘தாயகம்’ என்று சொல்லிக்கொண்டு மலையேறிய பதினான்கு வயதுப் பெண்ணின் நாவலை எங்கள் அலமாரி இன்னும் பார்க்கவில்லை.

பளியர்கள் விஷயம் இன்னும் விசித்திரம். பழனி மலைப் பளியர்களைப் பற்றி டாமன் என்ற ஐரோப்பியப் பாதிரியார் 1908-லேயே ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற மானுடவியல் இதழில் எழுதிவிட்டார். 1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பளியர்களோடு இருந்து ஆய்வு செய்தார். நூறு வருசத்துக்கு மேலாக அவர்கள் கட்டுரைக்கு ஆகிறார்கள்; கதைக்கு ஆகவில்லை. ஒரு பளியர் வீட்டுப் பையன் பேச்சுவாக்கில் சொன்னான்: பாறையில் தேன் எடுக்க ஒருவர் இறங்கும்போது மேலே கயிற்றை அவர் மச்சினன்தான் பிடிப்பானாம். தன் அக்கா தாலியை எவனும் அறுத்துக்கொள்ள மாட்டான் இல்லையா. எனக்கு உடனே ஒரு நாவல் தெரிந்தது. பதினைந்து வயதுப் பையன். அக்காள் வீட்டுக்காரரோடு தீராத சண்டை. அவர் குடித்துவிட்டு அக்காவை அடிப்பதைப் பார்த்திருக்கிறான். மறுநாள் கயிறு அவன் கையில். இதற்கு ‘பழங்குடி வாழ்வியல்’ என்று முன்னுரை தேவையில்லை. அட்டுவம்பட்டிப் பையனும் படிப்பான், அண்ணா நகர்ப் பையனும் நகம் கடித்துக்கொண்டு படிப்பான். இதை நான் எழுதினால் அரைகுறையாகத்தான் வரும். அவன் எழுத வேண்டும். இப்போதைக்கு அவனுக்குக் கணக்கில் பாஸ் ஆவதுதான் கவலை.

பக்கத்து மாநிலங்களில் இதற்கு முயற்சி நடந்திருக்கிறது. ஹைதராபாதின் அன்வேஷி ஆய்வு மையம் 2008-ல் ‘டிஃபரண்ட் டேல்ஸ்’ என்று ஒரு கதை வரிசை கொண்டுவந்தது. தலித் வீட்டு, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் இரக்கத்துக்குரியவர்களாக இல்லாமல் சேட்டைக்காரர்களாகவும் சாப்பாட்டுப் பிரியர்களாகவும் வருகிற கதைகள். தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழியில் வந்தது, தமிழில் வரவில்லை. சென்னையின் ஒரு பாழடைந்த பாலத்தில் வாழும் நான்கு பிள்ளைகளைப் பற்றிப் பத்மா வெங்கட்ராமன் எழுதிய ‘தி பிரிட்ஜ் ஹோம்’ 2019-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியாகி, அங்கே பன்முக இலக்கியத்துக்கென்றே இருக்கிற வால்டர் டீன் மயர்ஸ் விருதும் பெற்றது. நம் தெருப் பிள்ளைகள் கதாநாயகர் ஆவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பெரிய விஷயமா, பிள்ளைகள் போனைத்தானே பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கதைப் புத்தகம் அரிவாளைத் தடுத்துவிடும் என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனால் பக்கத்து பெஞ்சுப் பையனின் வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போயிராதவன் பதினேழு வயது வரை பள்ளியில் இருந்துவிட முடிகிறது. நிஜத்தில் அந்த வாசலை மிதிக்க ஊர் விடாது. கதைக்கு மட்டும்தான் யாரும் காவல் போட முடியாது.

பதிப்பகத்தார் சொல்வதும் என் காதில் விழாமல் இல்லை. இளையோர் நாவல் விற்பதில்லை, பள்ளி நூலக ஆர்டர் வந்தால்தான் உண்டு, அதற்குக் காதல், சாதி, மதம் மூன்றும் இல்லாத கதை வேண்டும் என்பார்கள். பதினாறு வயதில் அந்த மூன்றும் இல்லாமல் வேறென்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் அலமாரியில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்திருக்கிற புத்தகம் எல்லாவற்றிலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறது.

திண்டுக்கல்லிலோ மதுரையிலோ சென்னையிலோ அடுத்த புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் நின்று, பதினான்கு வயதுப் பிள்ளை படிக்க ஒரு தமிழ் நாவல் வேண்டும் என்று கேளுங்கள். அதில் மலைக்காரியோ, மீனவன் மகனோ, சிலோன்காரர் பேத்தியோ கதாநாயகராக இருக்க வேண்டும், கடைசி வரை உயிரோடும் இருக்க வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த கடையிலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதிப்பாளர் குறித்துக்கொள்வார். கிடைத்தால் இரண்டாக வாங்கி, ஒன்றை உங்கள் ஊர் அரசுப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.